நீலகிரிக் காட்டில் எட்டு வாரம்: பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பில் கோடை இன்டர்ன்ஷிப் தொடங்குபவர்களுக்கு

தேர்வாகிவிட்டீர்கள், ஆஃபர் கடிதமும் வந்துவிட்டது என்ற இடத்திலிருந்து இந்த வழிகாட்டி தொடங்குகிறது. விண்ணப்பிப்பது எப்படி என்பது இதில் இல்லை.

டபிள்யூ.டபிள்யூ.எஃப். இந்தியா, டபிள்யூ.சி.எஸ். இந்தியா போன்ற அமைப்புகளின் தலைமை அலுவலகம் டில்லியிலோ பெங்களூரிலோ இருக்கும். வேலை நடப்பது காட்டோரத்து ஊரில், பெரும்பாலும் ஒரு வாடகை வீட்டை மையமாக வைத்து. இங்கே எடுத்துக்கொண்டது நீலகிரி, சத்தியமங்கலம் காட்டுப்பகுதி: முதுமலை, சீகூர், கூடலூர், தாளவாடி. மே, ஜூன் என எட்டு வாரம். வேறு காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஊர்ப்பெயர் மாறும், வரிசை மாறாது.

புதியவர்கள் இடறுவது காட்டுக்குள் இல்லை, வரிசையில். ரயில் டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு வனத்துறை அனுமதியைப் பற்றிக் கடைசியில் கேட்பார்கள். புது ஷூவைக் கிளம்புகிற அன்று வாங்குவார்கள். அனுமதி வராத இடத்தில் ஆய்வு செய்யப்போவதாகக் கல்லூரிக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்திருப்பார்கள். எட்டு வாரத்தில் இரண்டு வாரம் இப்படியே போய்விடும்.

1. ஆஃபர் கடிதத்தில் எழுதாததைக் கேளுங்கள்

கடிதத்தில் தேதியும் ஊரும் இருக்கும். மற்றதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் மின்னஞ்சலில். போனில் சொன்னதை மூன்றாவது வாரம் யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்கு மேலே இருப்பவர் யார் என்பது. பன்னாட்டு அமைப்புகளில் பெரும்பாலும் இருவர் இருப்பார்கள். தலைமை அலுவலகத்தில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர், களத்தில் காலையில் ஜீப்பில் ஏறச் சொல்பவர் இன்னொருவர். லீவு யாரிடம் கேட்பது, அறிக்கை யாருக்கு அனுப்புவது என்று முன்பே தெளிவாகாவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது இன்டர்ன்தான்.

அடுத்தது பணம். உதவித்தொகை உண்டா, இல்லையா? தங்குமிடம், சாப்பாடு, களத்துக்குப் போய்வரும் வண்டி இவற்றில் எது அவர்கள் செலவு? ஊரிலிருந்து வந்து போகும் பயணச் செலவைத் தருவார்களா? கேட்கக் கூச்சப்பட வேண்டாம். உதவித்தொகை இல்லாத இன்டர்ன்ஷிப் நிறைய உண்டு. அதை முதல் நாளே தெரிந்துகொள்வது ஒன்று, ஆறாவது வாரம் கையில் காசில்லாமல் தெரிந்துகொள்வது வேறு.

பணம் தருகிறார்கள் என்றால் பில் விஷயத்தில் கண்டிப்பாக இருப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் போகலாம். முன்பு 50 சதவீதம். பணமும் ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு செலவும் எந்தத் தலைப்பில் போகிறது என்பதைக் கணக்குப் பிரிவு பார்த்துக்கொண்டே இருக்கும். பஸ் டிக்கெட்டை வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள். கண்டக்டர் மெஷினில் அடித்துத் தரும் அந்தத் தாளில் எழுத்து ஒரு மாதத்தில் மங்கி வெள்ளைத் துண்டாகிவிடும். வெள்ளைத் துண்டுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் சேகரிக்கும் தரவைக் கல்லூரி புராஜெக்ட்டில் பயன்படுத்தலாமா? முடியாது என்பதே பல இடங்களில் பதில், அல்லது எழுத்து மூலம் அனுமதி பெற்ற பிறகு என்பார்கள். துறைத் தலைவரிடம் தலைப்புக் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

2. கோடையில் அந்த வேலை நடக்குமா என்று பாருங்கள்

இயற்கைப் பாதுகாப்பு என்றதும் மனதில் வரும் வேலைகளில் பாதி கோடையில் நடப்பதில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில். மே மாதம் கோடியக்கரைக்கோ பள்ளிக்கரணைக்கோ போனால் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கே போய்ச் சேர்ந்திருக்கும். சென்னைக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே மாதத்தில் மிஞ்சுவது கடைசிக் குஞ்சுகள்தான். கடல் பக்கம் மீன் இறங்குதளத்தில் வேலை என்றால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரையில் நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும்.

நீலகிரிப் பக்கம் கதை வேறு. பிப்ரவரியிலிருந்து மே வரை காட்டுத்தீக் காலம். மழை பெய்யாத வருடத்தில் வனத்துறை ஆட்கள் முழுக்கத் தீத்தடுப்பில் இருப்பார்கள், உங்களோடு நடக்க ஆள் கிடைக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்த பிறகு, கோடையில் காட்டுக்குள் ஆளை அனுப்புவதில் தமிழக வனத்துறை மிகவும் கெடுபிடி. ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அதே நாளில் மழை மறைவில் இருக்கும் சீகூர், மசினகுடிப் பக்கம் தூசி பறக்கும். ஆகவே கூடலூர்ப் பக்கத்து நடைவேலையை மே மாதத்திலும், சீகூர்ப் பக்கத்தை ஜூனிலும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். இதைத் திட்டத்தில் எழுதிக் கேட்டாலே மேலே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

கோடையில் நன்றாக நடக்கும் வேலைகள்: தண்ணீர்க் குட்டைகளுக்கு வரும் விலங்குகளைப் பதிவு செய்வது, அயல்நாட்டுக் களைகளான உண்ணிச்செடியும் (லன்டானா) மஞ்சள் கொன்றையும் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று வரைபடமாக்குவது, பயிர்ச்சேதம் பற்றி வீடுவீடாகக் கேட்பது, குளிர்காலத்தில் கேமரா ட்ராப்பில் (விலங்கு முன்னால் வந்ததும் தானாகப் படமெடுக்கும் கேமரா) எடுத்த படங்களைப் பிரிப்பது. கடைசியாகச் சொன்னது நாற்காலி வேலை. அது உங்கள் தலையில் விழ நல்ல வாய்ப்பு உண்டு, முகம் சுளிக்காதீர்கள். பத்தாயிரம் படம் பார்த்தவருக்கு இரவில் கறுப்பு வெள்ளையில் பாதி உடம்பு மட்டும் விழுந்த கடமானும் புள்ளிமானும் குழம்பாது.

இப்போது நாளை எண்ணுங்கள். எட்டு வாரம் என்றால் 56 நாள். ஞாயிறு 8, பயணம் 2, அறிமுகப் பயிற்சி 4, மழை, யானை, வண்டி கிடைக்காதது என வீணாவது 8, அறிக்கை எழுத 7. மிஞ்சுவது 27 நாள். 27 நாளில் பதில் கிடைக்கும் கேள்வியாகத்தான் எடுக்க வேண்டும். “சீகூரில் யானைகளின் வாழிடப் பயன்பாடு” என்பது முனைவர் பட்டத்துக்கு உரிய தலைப்பு. “குறிப்பிட்ட ஆறு தண்ணீர்க் குட்டைகளுக்கு மே மாதத்தில் எந்த நேரத்தில் எவை வருகின்றன” என்பது உங்களுடையது.

3. வனத்துறை அனுமதி: டிக்கெட்டுக்கு முன்னால்

சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் நுழைய, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 28-ஆம் பிரிவின்படி அனுமதி வேண்டும். ஆய்வுக்கான அனுமதியை நீங்கள் தனியாகக் கேட்க மாட்டீர்கள். அமைப்புதான் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் கேட்கும். உங்கள் வேலை, அந்த அனுமதியில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்பது.

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். “அமைப்புக்கு அனுமதி இருக்கிறது” என்பதும் “உங்களுக்கு அனுமதி இருக்கிறது” என்பதும் ஒன்றல்ல. அனுமதிக் கடிதத்தில் ஆட்களின் பெயர், எந்த இடம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, என்ன முறை என்று எழுதியிருக்கும். நடைவழிக் கணக்கெடுப்புக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு ட்ரோன் பறக்கவிட முடியாது. பெயர் சேர்க்க வாரக்கணக்கில் ஆகலாம். எனவே ஆஃபர் வந்த அன்றே ஆதார் நகலும் கல்லூரிக் கடிதமும் அனுப்பிவிடுங்கள்.

சென்னையில் கிடைத்த கடிதம் தானாகக் காட்டுக்கு வந்துவிடாது. புலிகள் காப்பகத் துணை இயக்குநர் அலுவலகம், பிறகு ரேஞ்ச் ஆபீஸ் (வனச்சரக அலுவலகம்), பிறகு அந்தப் பீட்டை, அதாவது காட்டின் அந்தச் சிறு பகுதியைக் கவனிக்கும் வனக்காவலர் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வர வேண்டும். கடைசிப் படியில் இருப்பவருக்குத் தகவல் வராவிட்டால் செக்போஸ்ட்டில் நிற்க வேண்டியதுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் செய்வதே சரி.

மாநில எல்லை இன்னொரு பொறி. தமிழ்நாட்டின் முதுமலை, கர்நாடகத்தின் பந்திப்பூர், கேரளத்தின் வயநாடு மூன்றும் ஒட்டிக் கிடக்கின்றன. முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே மாயாறு ஓடுகிறது. கோடையில் அதில் கல் மேல் கால் வைத்துத் தாண்டும் அளவுக்குத் தண்ணீர் குறையும் இடங்கள் உண்டு. தாண்டினால் நீங்கள் அனுமதியில்லாமல் வேறு மாநிலக் காட்டில் நிற்கிறீர்கள், உங்கள் ஜி.பி.எஸ். அதைப் பதிவும் செய்திருக்கும்.

காட்டில் கிடப்பதை எடுக்காதீர்கள். உதிர்ந்த புள்ளிமான் கொம்பு, முள்ளம்பன்றி முள், பல், எலும்பு எதுவானாலும் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். நினைவுக்கு ஒன்று என்று பையில் போட்ட கொம்பால் வழக்கு வந்தால் உங்களோடு அமைப்பின் அனுமதியும் போகும்.

பன்னாட்டு அமைப்பு என்பதால் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். உயிரியல் பன்மயச் சட்டம் 2002-இன்படி, வெளிநாட்டினர் இந்திய உயிரி வளங்களை ஆய்வுக்குப் பெறுவதற்கும், ஆய்வு முடிவுகளை அவர்களுக்கு மாற்றுவதற்கும் தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் வேண்டிய சூழல்கள் உண்டு. அந்த ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் நல்லெண்ணத்தோடு “அந்தச் சாண மாதிரியைக் கொஞ்சம் அனுப்பு” என்று மின்னஞ்சல் போட்டால், பதில் போடாமல் உங்கள் மேற்பார்வையாளருக்குத் திருப்பி அனுப்புங்கள்.

4. கோப்பு

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: கல்லூரியின் போனஃபைட் சான்று, தேதி குறிப்பிட்ட ஆட்சேபணையின்மைச் சான்று, ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு, மருத்துவத் தகுதிச் சான்று, காப்பீட்டுத் தாள், வீட்டில் இருவரின் தொலைபேசி எண். எல்லாம் மூன்று நகல். காட்டோரத்து ஊரில் ஜெராக்ஸ் கடை உண்டு, மின்சாரம்தான் எப்போது இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆட்சேபணையின்மைச் சான்றில் போடும் தேதியைக் கவனியுங்கள். செமஸ்டர் தேர்வு ஒரு வாரம் தள்ளிப்போவது நமக்குப் புதிதல்ல. கடைசித் தேர்வுக்கும் பணியில் சேரும் நாளுக்கும் நடுவே பத்து நாளாவது இடைவெளி விடுங்கள். அரியர் தேர்வு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நடத்தை விதிகள், பாலியல் தொல்லைத் தடுப்பு, குழந்தைப் பாதுகாப்பு என்று சில ஆவணங்களைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். படிக்காமல் போடாதீர்கள். புகார் யாரிடம் கொடுப்பது என்ற பெயரும் எண்ணும் அதில் இருக்கும். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. உடம்பைத் தயார் செய்ய ஒரு மாதம்

நாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் வெறிநோய்த் தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், 7-ஆம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள். எனவே மருத்துவரை ஒரு மாதம் முன்பே பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டவரும் கடிபட்டால் புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.

உண்ணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வயநாடு, நீலகிரி எல்லைக் காடுகளில் உண்ணி வழியாகப் பரவும் குரங்குக் காய்ச்சல் பதிவாகியிருக்கிறது. காய்ந்த சருகில் உட்காராதீர்கள், கால்சட்டையைச் சாக்ஸுக்குள் விடுங்கள், திரும்பியதும் குளித்துவிட்டு அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் பாருங்கள். குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பாம்புக்கு: இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு அது பயன்படாது. அதனால் மருத்துவமனைக்கே போக வேண்டாம் என்று பொருளில்லை; எங்கே போவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று பொருள். மருந்து இருப்பு உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் அங்கே போக வண்டி யாருடையது என்று சேர்ந்த முதல் நாளே கேளுங்கள். கடித்த இடத்தை இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம்.

நடை: காலையில் ஆறு கிலோமீட்டர், களத்துக்குப் போட்டுப் போகும் அதே ஷூவில், மூன்று வாரம். உடற்பயிற்சிக்காக அல்ல, ஷூ எங்கே கடிக்கிறது என்று ஊரிலேயே தெரிந்துகொள்ள.

6. பையும் பயணமும்

உடை காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை. ராணுவப் பச்சைப் புள்ளிச் சட்டை வேண்டவே வேண்டாம். மூன்று மாநில எல்லைக் காட்டில் அந்தச் சட்டையோடு நடப்பவரைப் பார்த்தால் யாருக்கும் இயற்கை ஆர்வலர் என்று தோன்றாது. வாசனை ஸ்ப்ரே, பளபளக்கும் வளையல், மணி வைத்த கொலுசு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

மற்றவை: கணுக்காலை மூடும் ஷூ, அட்டை ஏறாத நெருக்கமான துணியில் தைத்த நீள சாக்ஸ் இரண்டு ஜோடி, ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இரண்டு, தலையில் மாட்டும் டார்ச், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், 8x42 பைனாகுலர் இருந்தால் அது, பென்சில் ஆறு. பேனா வேண்டாம். மழையில் பேனா எழுத்து கரையும், பென்சில் நிற்கும். ஒரு ஸ்வெட்டரும் வேண்டும். மசினகுடியில் வியர்க்கும் அதே மே மாத மாலையில் ஊட்டியில் குளிரும். கூட்டங்கள் ஊட்டியில்தான் நடக்கும்.

நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். இயற்கையைக் காக்க வந்தவரின் பையிலிருந்து மூன்று பாட்டில் பறிமுதல் ஆவது நல்ல தொடக்கம் இல்லை.

காரில் வந்தால் இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. அரசுப் பஸ்ஸில் வருபவர்களுக்குத் தேவையில்லை, பஸ்ஸிலேயே வாருங்கள். பகலில் வந்து சேருங்கள். முதுமலை, பந்திப்பூர் சாலையிலும் திம்பம் மலைப்பாதையிலும் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. தாளவாடிக்குப் போகிறவர் சத்தியமங்கலத்தில் இரவு பத்து மணிக்கு இறங்கினால் விடியும்வரை பஸ் ஸ்டாண்டுதான். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டியில் 36. வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், நிறைவயிற்றோடும் ஏறாதீர்கள்.

7. முதல் வாரம்: வேலை அல்ல, அறிமுகம்

முதல் நாளே கேமராவையும் ஜி.பி.எஸ்.ஸையும் கேட்காதீர்கள். முதல் வாரத்தில் முடிய வேண்டியது இவ்வளவுதான்: களப்பொறுப்பாளருடன் ரேஞ்ச் ஆபீஸுக்குப் போய் ரேஞ்சரைப் பார்ப்பது, அனுமதி நகலை அங்கே கொடுப்பது, உங்களோடு நடக்கப்போகும் வாட்சர்களோடு இரண்டு நாள் சும்மா நடப்பது, ஊர்க்காரர்களுக்கு உங்கள் முகத்தைக் காட்டுவது.

வாட்சர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்தினர். சம்பளத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்கள், காட்டறிவில் முதல் வரிசை. வயதுக்கேற்ப அண்ணா, அக்கா, ஐயா. பட்டப்படிப்பு இல்லாதவர் என்பதற்காகப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு அதன்பிறகு காட்டில் எதுவும் காட்டித்தரப்படுவதில்லை. அவர்கள் கொண்டுவரும் சோற்றில் பங்கு கேட்பது போல நிற்காமல் உங்கள் பொட்டலத்தை நீங்களே கட்டிக்கொண்டு போங்கள்.

நடக்கும்போது வாட்சர் முன்னால், நீங்கள் பின்னால். அவர் நின்றால் நிற்க வேண்டும். ஏன் என்று அப்போது கேட்கக் கூடாது. அவர் உணர்ந்தது யானை வாசனையாக இருக்கலாம், மூங்கில் ஒடியும் சத்தமாக இருக்கலாம். போன் சைலன்ட்டில் இருக்க வேண்டும், வைப்ரேஷனும் வேண்டாம். ஓடு என்றால் பையைப் போட்டுவிட்டு அவர் போகும் திசையில் ஓடுங்கள். பைனாகுலர் போனால் அமைப்பு வேறு வாங்கும்.

மாயாற்றுப் பள்ளத்தில் பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது. வீட்டுக்குத் தினமும் இரவு எட்டு மணிக்குப் பேசுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு நாள் தவறினால் அம்மா தலைமை அலுவலகத்துக்கே போன் போடுவார். களப்பொறுப்பாளரின் எண்ணை வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

8. தரவு எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

கேமரா ட்ராப். புலி, சிறுத்தைக்கு வைக்கும்போது தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. உயரம், பாதையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, பாதையின் இருபுறமும் ஒன்றொன்று. இரண்டு ஏன் என்றால், வலப்பக்க வரியும் இடப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடலாம். இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் ஃபிளாஷ் இன்னொன்றின் படத்தை வெளுக்கும். கிழக்கையும் மேற்கையும் பார்த்து வைத்தால் காலை, மாலை வெயிலில் படம் வீண். முன்னால் இருக்கும் புல்லைப் பிடுங்குங்கள். காற்றில் ஆடும் ஒரே ஒரு புல் இரண்டு நாளில் எஸ்.டி. கார்டை நிரப்பிவிடும். அதைப் பிரிக்க உட்காரப்போவதும் நீங்களே.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு தேதி. பேட்டரி மாற்றும்போது சில கேமராக்கள் தேதியைப் பழையபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். மாதமும் நாளும் இடம் மாறுவதும், காலை எட்டு இரவு எட்டாவதும் உண்டு. இதற்கு ஒரு எளிய காப்பு: கேமராவை ஓடவிட்டதும் இடத்தின் எண், தேதி, நேரம் எழுதிய சிலேட்டை அதன் முன் பிடித்து முதல் படமாகப் பதியுங்கள். பிறகு கடிகாரம் தவறியிருந்தாலும் எவ்வளவு தவறியது என்று கணக்கிட்டுத் திருத்தலாம். சிலேட் படம் இல்லையென்றால் அந்த கேமராவின் நேரத் தரவு முழுதும் குப்பை.

கார்டு மாற்றும்போது காலியானது வலப் பாக்கெட், நிரம்பியது இடப் பாக்கெட். எடுத்த கார்டில் இடத்தின் எண்ணை அங்கேயே எழுதி ஒட்டுங்கள். முகாமுக்குப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று கொண்டுவந்த ஐந்து கார்டுகளில் எது எந்த ஓடை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜி.பி.எஸ். எல்லோரும் ஒரே முறையில் எழுத வேண்டும்: டபிள்யூ.ஜி.எஸ். 84 (கருவியின் செட்டிங்கில் தேர்ந்தெடுக்கும் ஆயமுறை), பாகை தசமத்தில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம். மசினகுடி ஏறத்தாழ 11 பாகை 34 நிமிடம் வடக்கு. இதைத் தசமத்தில் எழுதினால் 11.57 அருகே வரும். அவசரத்தில் 11.34 என்று எழுதினால் அந்தப் புள்ளி 25 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து, ஊட்டியைத் தாண்டி எமரால்டு பக்கம் போய் உட்காரும். காட்டெருமைக்கு அதுவும் நல்ல இடம்தான் என்பதால் வரைபடத்தில் பார்த்தாலும் சந்தேகம் வராது!

எதுவும் பார்க்காத நாளையும் எழுதுங்கள். மூன்று மணி நேரம் நடந்து ஒன்றும் தென்படவில்லை என்பதும் தரவுதான். வெற்றுத் தாளைக் கிழித்துவிட்டால், நடந்தும் பார்க்கவில்லையா, நடக்கவே இல்லையா என்று பிறகு தெரியாது.

வீடுவீடாகக் கேட்பது. இங்கே தமிழ் தெரிந்த இன்டர்னுக்கு மதிப்பு அதிகம், தவறும் அதிகம். முதலில் நீங்கள் வனத்துறை இல்லை என்று சொல்லுங்கள், அவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். யார், எதற்காக, பெயர் வெளியே வராது, வேண்டாமென்றால் வேண்டாம் என்று நான்கையும் சொல்லி ஒப்புதல் வாங்கிய பிறகே நோட்டைத் திறக்க வேண்டும். காலையில் தோட்ட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போயிருப்பார்கள். நாலு மணிக்குமேல் போய், இருட்டுவதற்குள் திரும்புங்கள். யானையும் அந்த நேரத்தில்தான் கிளம்பும்.

“யானைத் தொந்தரவு அதிகமா?” என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “கடைசியா யானை வந்தது என்னைக்கு? அன்னைக்கு என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். “போன அமாவாசைக்கு மறுநாள், ரெண்டு வாழை போச்சு, பலாப்பழம் இருந்துச்சு, அதுக்குத்தான் வந்துச்சு” என்று பதில் வரும். அதில் தேதி, பயிர், சேதம், காரணம் நான்கும் இருக்கின்றன. நஷ்ட ஈடு வாங்கித் தருவீர்களா என்று கேட்டால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். பார்க்கிறேன் என்ற சொல்லை அங்கே வாக்குறுதியாக எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பின்னால் வரும் இன்டர்ன் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

படங்கள். கேமரா ட்ராப்பில் புலி மட்டுமா விழும்? விறகு பொறுக்கும் பெண்கள், தேன் எடுக்கப் போகிறவர்கள், சில சமயம் துப்பாக்கியோடு ஒருவர். மனிதர் உள்ள படம் எதையும் யாருக்கும் அனுப்பாமல் பொறுப்பாளரிடம் கொடுங்கள். புலிப் படத்தை இடம், தேதியோடு இன்ஸ்டாகிராமில் போடுவது வேட்டைக்காரருக்கு வழி சொல்வது. போன் கேமராவின் இருப்பிடப் பதிவை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

9. நடுவிலும் முடிவிலும்

வாரம் ஒரு மின்னஞ்சல், வெள்ளி மாலை, இரண்டு மேலாளருக்கும் ஒன்றாக. என்ன முடிந்தது, என்ன தடைபட்டது, அடுத்த வாரம் என்ன, உங்களிடமிருந்து என்ன வேண்டும். நாலு வரி போதும். தடைபட்டதை மறைப்பது புதியவர்களின் பழக்கம். இரண்டாவது வாரம் சொன்னால் திட்டத்தை மாற்றலாம், ஏழாவது வாரம் சொன்னால் வருத்தப்படத்தான் முடியும். நான்காவது வார இறுதியில் கையில் இருக்கும் தரவை வைத்து ஒரு அட்டவணையாவது போட்டுப் பாருங்கள். எந்தக் கட்டத்தை நிரப்ப மறந்தீர்கள் என்று அப்போதுதான் தெரியும், திருத்தவும் நாள் இருக்கும்.

தாளில் எழுதியதை அன்றிரவே கணினியில் ஏற்றுங்கள். “காலையில் எழுதிக்கலாம்” என்றால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று ஹார்டு டிஸ்க்கில், சிக்னல் கிடைக்கும் நாளில் ஒன்று அமைப்பின் சேமிப்பகத்தில்.

கடைசி வாரம் களத்துக்குப் போகாதீர்கள். அறிக்கையோடு தரவுத் தாளும் அதை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும்: ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள், எந்த அலகு, எந்தெந்த நாளில் எந்தக் கருவி வேலை செய்யவில்லை. சான்றிதழில் பெயர் எழுத்து, தேதி, மேற்பார்வையாளர் கையெழுத்து மூன்றையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன் சரிபாருங்கள். பிறகு திருத்தம் வாங்க மாதம் ஆகும்.

கேட்ட வீடுகளுக்கு ஒருமுறை போய், இத்தனை வீட்டில் கேட்டோம், இன்னது தெரிந்தது என்று தமிழில் அரைப்பக்கம் படித்துக் காட்டுங்கள். பிறகு கருவிகளை எண்ணி ஒப்படையுங்கள்: கேமரா, பேட்டரி, கார்டு, ஜி.பி.எஸ்., வீட்டுச் சாவி, எண்ணிக்கையோடு ஒரு தாளில் கையெழுத்து. தரவு முழுதும் வந்து சேர்ந்தது, திறந்து பார்த்தோம் என்று அலுவலகத்திலிருந்து எழுத்தில் வரும்வரை எந்த எஸ்.டி. கார்டையும் ஃபார்மட் செய்யாதீர்கள்.